புள்ளினம் காணலும் நம் கடமையும்
(தட்டேக்காட்டை முன்வைத்து ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

தமிழ்த்துறை மலரில் பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரையா என வியப்பார் உளர். விலங்கியல் துறையினர் எழுதவேண்டியதைத் தமிழாசிரியர் எழுதுதல் தகுமா என வினவுவாரும் இருக்கலாம். ஆயின் ஐந்திணைக்கும் கருப்பொருள் வகுத்த தொல்காப்பியர், தெய்வத்தோடும் உணவோடும் மரத்தோடும் புள்ளையும் ஒருங்கே வைத்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் கானக்கோழியும், மருதத்திற்கு நாரையும், பாலைக்குப் புறாவும் பருந்தும், நெய்தலுக்குக் கடற்காகமும் உரியன என்று நாம் வகுப்பறையில் பாடம் சொல்கிறோம். மாணவரும் அப்பட்டியலை மனனம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். எனினும், வைகறையில் கானக்கோழி கூவும் ஓசையைத் தம் செவியால் கேட்டவர் அவருள் எத்தனை பேர்? கேளாத ஓசையையும் காணாத உருவையும் பற்றிய அறிவு ஏட்டளவில் நின்றுவிடுகிறது. இக்குறையைப் போக்கும் வழிகளுள் ஒன்று புள்ளினம் காணல். அதற்கு ஏற்ற களமாக, தமிழகத்திற்கு அணித்தே உள்ள தட்டேக்காட்டை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

இடமும் இயல்பும்

தட்டேக்காடு கேரள மாநிலத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், கோதமங்கலம் நகருக்கு வடகிழக்கே சில கல் தொலைவில், பெரியாற்றின் வடகரையில் அமைந்துள்ளது. தட்டையான காடு என்பதே அப்பெயரின் பொருள் என்பர். மதுரை, தேனி, மூணாறு வழியாகக் கொச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலை கோதமங்கலத்தைத் தொட்டே செல்கிறது. ஆதலால் தென்மாவட்டத்தார்க்கு இது எட்டாத இடம் அன்று.

1983ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இக்காடு, கேரளத்தின் முதற் பறவைகள் சரணாலயம் என்னும் சிறப்புக்கு உரியது. அதன் பரப்பு 25 சதுர கிலோமீட்டரைச் சற்றே விஞ்சும். பரப்பில் சிறியதாயினும், இங்கு இதுகாறும் பதிவான பறவையினங்கள் 300க்கும் மேற்பட்டவை.

இச்செழுமைக்குக் காரணம் யாது? மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகள் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன உயர்ந்த சிகரங்களும் சோலைகளுமே. ஆனால் மலையடிவாரத்தின் தாழ்நிலக் காடுகள் தனித்தன்மை உடையன. தட்டேக்காடு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்தில் தொடங்கி 500 மீட்டர் அளவே உயர்கிறது. ஆண்டு முழுதும் குன்றாத வெப்பமும், இருபருவ மழையும், ஆற்றின் ஈரமும் ஒருங்கு சேர்வதால் மரங்கள் அடுக்கடுக்காக வளர்கின்றன. பசுமைமாறாக் காடு, அரைப் பசுமைமாறாக் காடு, இலையுதிர் காடு, தேக்குத் தோட்டம், ஆற்றங்கரை, வயல் எனப் பல்வகை வாழிடங்கள் ஒரு பகற்பொழுது நடைக்குள் அடங்கிவிடுகின்றன. வாழிடம் பலவாயின் வாழ்வனவும் பலவாகும். பிற இடங்களில் இத்தகைய தாழ்நிலக் காடுகள் பெரும்பாலும் இரப்பர்த் தோட்டங்களாகவும் வயல்களாகவும் நீர்த்தேக்கங்களாகவும் மாறிவிட்டமையால், எஞ்சியிருக்கும் இச்சிறு காட்டின் மதிப்பு மேலும் உயர்கிறது.

சலீம் அலி எனும் பேரறிஞர்

இக்காட்டின் பெருமையை உலகிற்கு உணர்த்தியவர் டாக்டர் சலீம் அலி (1896–1987). சரணாலயமும் அவர் பெயராலேயே வழங்கப்பெறுகிறது. அவருடைய வாழ்வு நம் மாணவர் அறிய வேண்டியது.

பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த சலீம் அலி, சிறு வயதிலேயே தந்தையையும் தாயையும் இழந்து, தாய்மாமனின் அரவணைப்பில் வளர்ந்தார். சிறுவராக இருந்தபோது தம் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு இருப்பதைக் கண்டு, இஃது உண்ணத் தகுமோ எனும் ஐயம் கொண்டு மாமனிடம் காட்டினார். அவரோ அச்சிறுவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பிவைத்தார். அங்குச் செயலராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர், சிறுவர்தானே என்று புறந்தள்ளாது, பாடஞ்செய்து வைக்கப்பெற்ற பறவைகளின் பேழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஆகுமானதா ஆகாததா என்னும் ஓர் இளம் உள்ளத்தின் கேள்வியும், அதனை மதித்து விடைகூறிய பெரியவரின் பண்பும் இந்நாட்டிற்கு ஒரு பறவையியல் மேதையை அளித்தன.

அவருடைய வழி எளிதாக அமையவில்லை. முறையான பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் அவர் நாடிய அரசுப்பணி கிட்டவில்லை. செருமனி சென்று பெர்லினில் ஸ்டிரெசமன் என்னும் அறிஞரிடம் பயிற்சி பெற்று 1930இல் மீண்டபோது, முன்னர் வகித்த அருங்காட்சியகப் பணியும் நிதியின்மையால் நீக்கப்பட்டிருந்தது. பணியின்றிக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்த அந்நாள்களை அவர் வீணாக்கவில்லை. அண்மையில் இருந்த மரங்களில் கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் நோக்கிக் குறிப்பெழுதினார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு முடைகிறது. பெண்குருவி வந்து அதனைச் சோதித்து ஏற்ற பின்னரே முழுமையாக்குகிறது. பின்னர் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்குகிறது என்னும் உண்மைகளை அவர் வெளியிட்ட ஆய்வு அறிஞருலகில் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது.

1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆராயப் புறப்பட்டார். அவருடைய துணைவியார் தெஹ்மினா அம்மையாரும் உடன் சென்று காட்டு வாழ்க்கையின் இன்னல்களைப் பகிர்ந்துகொண்டார். அப்பயணத்தில் தட்டேக்காட்டில் தங்கி ஆராய்ந்த சலீம் அலி, தீபகற்ப இந்தியாவில் பறவை வளம் மிக்க இடம் இதுவே எனக் கருதினார். கிழக்கு இமயமலைப் பகுதியோடு இதனை ஒப்பிட்டார். அவர் கருத்துக்கு அரை நூற்றாண்டு கழித்தே சரணாலயம் எனும் காப்பு வாய்த்தது. அவருடைய மாணவர் ஆர். சுகதன் பின்னாளில் இங்கேயே பல்லாண்டுகள் ஆய்வு செய்து ஆசானின் பணியைத் தொடர்ந்தார்.

காட்டின் அடுக்குகளும் புள்ளினங்களும்

தாழ்நிலக் காட்டினை ஒரு மாளிகைக்கு ஒப்பிடலாம். நிலம், புதர், இடைநிலை மரம், முகடு என நான்கு நிலைகள் அதற்கு உண்டு. ஒவ்வொரு நிலையிலும் குடியிருப்போர் வேறு. அவர்தம் உணவும் வேறு. இதனால் ஒன்றோடொன்று பெரிதும் போட்டியிடாமல் பல இனங்கள் ஒரே காட்டில் வாழ முடிகிறது.

நிலத்தில் சருகைக் கிளறி இரை தேடுவன கானக்கோழியும் தோட்டக்கள்ளனும். தோட்டக்கள்ளன் பன்னிறம் படைத்த சிறு பறவை. விடியற்காலையிலும் அந்தி வேளையிலும் ஏறத்தாழ ஆறுமணிக்குக் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்றும் தமிழ் மக்கள் அதனை அழைப்பர். கடிகாரம் வந்த பின்னர் எழுந்த பெயராயினும், கூர்ந்து நோக்கி இட்ட பெயர் என்பதில் ஐயமில்லை. மழைக்காலத்தில் இமயமலையின் அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டும் இப்பறவை, குளிர்காலத்தில் தென்னகத்திற்கும் இலங்கைக்கும் வருகிறது.

இடைநிலையில் வாழ்வனவற்றுள் தீக்காக்கை தலைசிறந்தது. பெயரில் காக்கை இருப்பினும் இது காக்கை இனத்தைச் சார்ந்ததன்று. ஆண்பறவையின் தலை கருமை, மார்பில் வெண்கோடு, அடிவயிறு செந்தீயின் நிறம். பெண்பறவைக்கு அச்செம்மை இல்லை. அதன் அடிப்பகுதி மங்கிய மஞ்சட் பழுப்பு. உளுத்துப்போன மரத்தின் அடிக்கட்டையைக் குடைந்து இது முட்டையிடும். உளுத்த மரம் பயனற்றது என எண்ணி அகற்றிக் காட்டைத் தூய்மை செய்வோமாயின், தீக்காக்கையின் வீட்டையே இடிப்பவர் ஆவோம்.

தட்டேக்காட்டின் புகழுக்குப் பெரிதும் காரணமானது தவளைவாயன். மலையாளத்தார் இதனை மாக்காச்சிக்காட என்பர். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே இவ்வினம் வாழ்கிறது. இராப்பொழுதில் பூச்சிகளை வேட்டையாடும் இது, பகலில் இணையாகக் கிளையொன்றில் அசையாது அமர்ந்திருக்கும். அதன் நிறமும் வடிவும் காய்ந்த சருகினையே ஒத்திருக்கும். பஞ்சு போன்ற தூவிகளால் சிறு மெத்தை போலக் கூடமைத்து அதன் புறத்தே மரப்பாசியைப் போர்த்தி, ஒரே ஒரு முட்டை இடும். பகல் முழுதும் அம்முட்டையை அடைகாப்பது ஆண்பறவையே என்பது அறியத்தக்கது.

நம் துறை மாணவரோடு ஒரு சனவரித் திங்களில் இக்காட்டிற்குச் சென்றபோது, உள்ளூர் வழிகாட்டி ஒரு கொடிப்பின்னலைச் சுட்டிக்காட்டி, அங்கே இரண்டு தவளைவாயன்கள் உள்ளன என்றார். நமக்குத் தெரிந்தவை இரண்டு சருகுகள் மட்டுமே. சில நிமையம் உற்று நோக்கிய பின்னரே ஒரு சருகிற்குக் கண்ணும் அலகும் இருப்பது புலனாயிற்று. கூர்ந்து நோக்கப் பழகாத கண்ணுக்குக் கண்முன் உள்ளதும் மறைபொருளே என்பதை மாணவர் அன்று உணர்ந்தனர்.

முகட்டில் வாழ்வோருள் முதன்மையானது இருவாச்சி. தட்டேக்காட்டில் மலபார்ச் சாம்பல் இருவாச்சி பலமுறை காணப்பெறும். பேருருவம் கொண்ட மலை இருவாச்சி அரிதாகவே காட்சி தரும். இனப்பெருக்கக் காலத்தில் பெண்பறவை முதிய மரத்தின் பொந்தினுள் புகுந்து, தன் எச்சத்தாலும் பிறவற்றாலும் வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவிற்கு ஒரு பிளவு மட்டும் எஞ்சும். அதன் வழியே ஆண்பறவை அத்தி முதலிய கனிகளைக் கொணர்ந்து ஊட்டும். மலை இருவாச்சியின் கூட்டுக்காலம் மூன்று முதல் நான்கு திங்கள் நீள்கிறது. அந்நாள்களில் ஆண்பறவை வேட்டைக்கு இரையானால் உள்ளிருக்கும் தாயும் சேயும் பசியால் மடியும் நிலை நேரும். இருவாச்சி உண்ட கனிகளின் விதைகள் தொலைவில் சென்று விழுந்து முளைக்கின்றன. மரம் பறவைக்குப் பொந்தும் கனியும் தருகிறது. பறவை மரத்திற்கு வழித்தோன்றல்களைத் தருகிறது. இவ்விரண்டில் ஒன்று குறைந்தால் மற்றதும் தேயும். இவ்விரு இருவாச்சிகளையும் அழிவாய்ப்பு இனங்களாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டுள்ளது.

இனி, துடுப்புவால் கரிச்சானைக் குறிப்பிடாது விடுதல் முறையன்று. வாலின் இரு நீண்ட இறகுகளின் நுனியில் துடுப்புப் போன்ற அமைப்பினை உடைய இது, பிற பறவைகளின் குரலை அவ்வாறே ஒலிக்கவல்லது. காட்டில் பல்வேறு இனப் பறவைகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து இரை தேடிச் செல்வதுண்டு. மரங்கொத்தி பட்டையைத் தட்டும்; சிலம்பன் இலையைப் புரட்டும்; அப்போது வெருண்டு எழும் பூச்சிகளைக் கரிச்சான் பாய்ந்து பற்றும். கைம்மாறாக, வல்லூறு முதலிய பகை வரின் முதலில் எச்சரிக்கைக் குரல் எழுப்புவதும் அதுவே. வேறுபட்ட இனங்கள் தத்தம் இயல்பை விடாமலே ஒன்றுக்கொன்று துணையாக இயங்கும் இக்காட்சி, பன்மைச் சமுதாயத்தில் வாழும் நமக்கும் பொருந்துவது.

காணும் முறை

புள்ளினம் காண்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்று, சிறு குறிப்பேடு ஒன்று, பறவை விளக்கக் கையேடு ஒன்று ஆகிய இவையே போதும். நவம்பர் முதல் மார்ச்சு வரையிலான காலம் ஏற்றது. வலசை வரும் பறவைகளையும் அப்போது காணலாம். மழைக்காலத்தில் அட்டைக்கடியும் மிகுதி. பொழுது புலர்ந்த பின் மூன்று மணி நேரமே பறவைகள் மிகுதியாக இயங்கும் வேளை. மங்கிய நிற உடையும் மெல்லிய நடையும் தேவை. யானைகள் நடமாடும் காடாதலால் வழிகாட்டியின்றி உட்புகுதல் கூடாது.

முதலில் செவியைப் பழக்க வேண்டும். அடர்காட்டில் காணும் பறவைகளினும் கேட்கும் பறவைகளே பல. குக்குறுவானின் இடையறாத ஒலியையும் மலை மைனாவின் சீழ்க்கையையும் பிரித்தறியத் தெரிந்தவர் பாதி வழி கடந்தவர் ஆவார். பின்னர் பறவையின் அளவு, அலகின் வடிவு, வாலின் நீளம், அமர்ந்த உயரம், செய்த செயல், கண்ட நேரம் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும். வீடு திரும்பி நினைவிலிருந்து எழுதுவது பெரும்பாலும் பிழைபடும்.

இன்று ஒளிப்படம் எடுக்கும் ஆர்வம் பெருகியுள்ளது. அது நன்றே, எனினும் அதனால் விளையும் தீமைகளும் உள. பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து அதனை அருகே வரவழைப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. தன் எல்லைக்குள் பகைவன் புகுந்தான் எனக் கருதி அப்பறவை இரை தேடுதலையும் கூட்டையும் விட்டு ஓடிவரும். நாள்தோறும் பலர் இவ்வாறு செய்யின் அதன் நிலை என்னாகும்? கூட்டினை அணுகிப் படமெடுத்தலும், இராப்பறவையின் விழிகளில் ஒளிவெள்ளம் பாய்ச்சுதலும் அவ்வாறே விலக்கத்தக்கன. ஒரு படம் கிட்டாமையால் நமக்கு வரும் இழப்புச் சிறிது. ஒரு முட்டை குளிர்ந்துபோவதால் அவ்விணைக்கு வரும் இழப்போ அந்தப் பருவம் முழுவதும்.

பெயர் இழந்தால்

தமிழ் பயில்வோர்க்கு இதில் உள்ள தனிப்பட்ட கடமை பெயர்களைக் காத்தல். அன்றில் என்று நாம் பாடல்தோறும் படிக்கும் பறவை அரிவாள்மூக்கன் இனத்தது என அறிஞர் கருதுவர். திருப்பாவையில் வரும் ஆனைச்சாத்தனைக் கரிச்சான் எனும் வலியனாகக் கொள்வர். பி.எல். சாமி அவர்கள் சங்க நூல்களின் புள்ளினங்களை ஆராய்ந்து தனி நூல் யாத்தார். கோவைப் பேராசிரியர் க. ரத்னம் அவர்கள் ஊர்தோறும் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்தளித்தார். இருவர் பணியும் புலமையோடு கள அறிவும் இணைந்ததால் விளைந்தவை.

கொண்டலாத்தி, நாகணவாய், மாம்பழச்சிட்டு, பாம்புத்தாரா என்னும் பெயர்களுள் எத்தனை நம் பிள்ளைகளின் நாவில் உள்ளன? உழவரும் மீனவரும் வேடரும் பயின்ற பெயர்கள் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. பெயர் மறைந்தால் எல்லாம் வெறும் குருவி ஆகிவிடும். அவற்றுள் ஒன்று வராது நின்றுபோனாலும், வராதது எது என்று சொல்ல எவரும் இரார்.

மக்களும் காடும்

பறவைகளைப் பேசும்போது மக்களை மறத்தல் அறமன்று. 1983இல் எல்லை வகுக்கப்பட்டபோது, தட்டேக்காட்டில் முன்னரே மக்கள் வாழ்ந்துவந்த ஊர்களும் சரணாலயத்தினுள் அடங்கிவிட்டன. வீடு கட்டவும் நிலத்தைக் கைமாற்றவும் அவர்களுக்கு இடர்ப்பாடுகள் நேர்ந்தன. யானைகள் தோட்டங்களை அழித்தலும் உண்டு. மக்கள் வாழும் ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டர் பரப்பை எல்லையினின்று விலக்கி, அதற்கு ஈடாக அடுத்துள்ள வனப்பகுதியைச் சேர்க்கும் முன்மொழிவினைக் கேரள அரசு மைய அரசுக்கு அனுப்பியது. பறவைக்காக மனிதரை விரட்டுவதும், மனிதரைக் காரணம் காட்டிக் காட்டை விற்பதும் ஒருசேரத் தவறானவை. அவ்வூராருள் பலர் இன்று வழிகாட்டிகளாகவும் விருந்தினரை இல்லத்தில் தங்கவைப்போராகவும் வாழ்வு நடத்துகின்றனர். காடு நிலைத்தால் தம் பிழைப்பும் நிலைக்கும் என்பதை அறிந்த அவர்களே காட்டின் உறுதியான காவலர்.

சமயம் காட்டும் நெறி

பறவைகளும் மனிதரைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்துத் திருக்குர்ஆனின் 6ஆம் அத்தியாயத்தில் இடம்பெறுகிறது. 27ஆம் அத்தியாயத்தில், பறவைகளின் மொழி கற்பிக்கப்பெற்ற நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்தது ஹுத்ஹுத் எனும் கொண்டலாத்தியே. மாபெரும் அரசர் அறியாத ஒன்றை ஒரு சிறு பறவை அறிந்து வந்து உரைத்தது எண்ணிப்பார்க்கத்தக்கது. பயணம் ஒன்றில் தோழர் சிலர் ஒரு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திரும்பச் சேர்க்குமாறு பணித்த செய்தியை நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் இடம்பெற்றதும் இவ்வருள்நெறியின் விளைவே. ஆதலின் கூட்டைக் கலையாது விலகி நிற்றல் வெறும் காட்டுச் சட்டம் மட்டுமன்று. நம் முன்னோர் வழிவழியாகப் போற்றிய ஒழுக்கமும் ஆகும்.

நிறைவுரை

தட்டேக்காடு சென்றால்தான் புள்ளினம் காண முடியும் என்பதில்லை. கேரளத்தில் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர் பலர் மாநிலம் முழுதும் நடந்து பறவைகளைக் கணக்கிட்டு ஒரு பறவை வரைபடத்தையே உருவாக்கினர். அவருள் மாணவரும் இருந்தனர். தமிழகத்திலும் 2015 முதல் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று கண்டவற்றை எண்ணிப் பதிந்தால் போதும், எவரும் பங்கேற்கலாம்.

நம் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி வளாகத்தின் வேம்பிலும் புங்கிலும் வந்தமரும் பறவைகளை வாரம் ஒருமுறை குறித்துவையுங்கள். விடுமுறையில் ஊர் செல்லும்போது பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் அப்பறவைகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். சமுதாயப் பெரியோர்களும் தாம் அறிந்த பெயர்களை இளையோர்க்குச் சொல்லித் தர வேண்டுகிறோம். அப்பெயர்களைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் ஒரு பட்டியலாக வெளியிட நம் துறை ஆயத்தமாக உள்ளது.